மார்ச் மாதத்து மூன்று டீசல் சீட்டுகள்

சங்ககிரி
9-11-2025, ஞாயிறு

அன்புள்ள சரிதா அப்பாவுக்கு,

உஷாராணி எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் இங்கே சுகம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, முதுகு வலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன். உங்களோடு போர்வெல் ரிக்கில் வேலை செய்கிற கோகுல்ராஜ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை சேலத்தில் ரயில் ஏறுகிறான். இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா கச்சாயத்தையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். கச்சாயம் குறைந்திருந்தால் அவனைக் கேளுங்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் லாரி ஆபீஸ் பேச்சை எடுத்தாலே "பாப்பாகிட்டக் குடு" என்று சொல்லிவிடுகிறீர்கள். ஒன்றரை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் பாப்பாவிடம் கொடுக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன வருஷம் மார்ச் மாதம் உங்கள் வண்டியில் நானூற்றைம்பது லிட்டர் டீசல் காணவில்லை என்று சொல்லி, முதலாளி அர்த்தநாரி அண்ணன் யார்டில் அத்தனை டிரைவர் முன்னாலும் சாவியை வாங்கிக்கொண்டாரே, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த டீசல் கணக்கு ஷீட்டைப் போட்டுக் கொடுத்தது நான் என்பது உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நீங்கள் எடுக்கவில்லை. அது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் ரிக் முதலாளியும் ஒரு சாப்ட்வேர் வாங்க யோசிக்கிறாராம், கோகுல்ராஜ் சொன்னான். அவருக்கும் இது உதவும், படித்துக் காட்டுங்கள்.

நம் ஆபீஸில் ஒரு வண்டியின் விவரம் எத்தனை இடத்தில் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வண்டி எங்கே நிற்கிறது என்பது ஜிபிஎஸ்ஸில் இருக்கும். டோல்கேட் ஒரு பக்கம், ரோட்டுப் பங்கில் டீசல் கார்டு ஒரு பக்கம், டயர் நோட்டு ஒரு பக்கம். யார்டு பங்கில் அடிப்பது மட்டும் இன்னும் கைச்சீட்டுதான். இத்தனையையும் மாதக் கடைசியில் நான் எக்செல்லில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தேன். வண்டிகளின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியதும் அண்ணனே, "இதெல்லாத்தையும் சேத்து ஒரே எடத்துல காட்டற சாப்ட்வேர் இருக்குதாமா, நீயே பாத்து ஒண்ணச் சொல்லு" என்றார். டேட்டா இன்டகிரேஷன் என்று அதற்குப் பெயர். பி.காம் முடித்துவிட்டு டிரிப் ஷீட் எழுத வந்தவளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

நான் உடனே எதையும் வாங்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களைக் கேட்டேன். நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன மில்லில் மைதிலி என்று ஒருத்தர் இதே வேலை பார்க்கிறார். முன்பின் தெரியாத எனக்கு அரை மணி நேரம் பேசினார். "வாங்கின வாரம் எல்லாருமே போன எடுப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு எடுக்கறாங்களானு விசாரிங்க" என்றார். விற்க வருகிறவன் அவனுடைய மாதிரி விவரத்தைப் போட்டுக் காட்டினால் பார்க்கவே வேண்டாம், உங்களிடம் இருப்பதிலேயே மோசமான மாதத்தைக் கையில் கொடுங்கள் என்றும் சொன்னார். அவர்கள் முதலில் வாங்கியதை எட்டே மாதத்தில் தூக்கிப் போட்டார்களாம். தீவனம் மூட்டையில் எழுதியதையும் கிலோவில் எழுதியதையும் அது ஒன்றாகக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மோசமான மாதம் என்றதும் எனக்கு அந்த மார்ச்தான் ஞாபகம் வந்தது. அந்த மாதம் யார்டு பங்கு மாரக்காள் அக்கா, மகள் பிரசவத்துக்கு ஓமலூர் போய்விட்டார். அவர் இடத்தில் நின்றவர் எழுதிய சீட்டுகளில் பாதியைப் படிக்கவே முடியாது. அதனால்தான் அந்த மாதத்தை எடுத்தேன் என்று அண்ணனிடம் சொன்னேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அந்த மாதத்தை இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

முதலில் சென்னைக்காரர்கள் வந்தார்கள். கண்ணைப் பறிக்கிற கலரில் திரை. நம் மார்ச்சைப் போட்டதும் பத்து நிமிஷத்தில் விடை வந்தது. உங்கள் வண்டி லிட்டருக்கு 3.1 கிலோமீட்டர் என்று சிவப்பில் காட்டியது. நான் போட்ட ஷீட்டிலும் அதே 3.1தான். எப்போதும் 3.8 கொடுக்கிற வண்டி. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தார். பொருந்தாத சீட்டு வந்தால் உங்கள் சாப்ட்வேர் என்ன செய்யும் என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் மேடம், அதுவே சரி பண்ணிக்கும்" என்றார் வந்தவர்.

அடுத்து வந்தவர்கள் பெங்களூர். நூற்றிருபது இடத்திலிருந்து விவரம் எடுக்குமாம். நமக்கு வேண்டியது ஐந்து இடம். அந்தத் திரையில் ஒரே வண்டி ஒரே நாளில் நாக்பூரிலும் தூத்துக்குடியிலும் நின்றது. கேட்டால் நெட் தாமதம் என்றார்கள். எனக்கு அங்கேதான் முதல் பொறி தட்டியது. நாக்பூர் உங்கள் வண்டி, தூத்துக்குடி மயில்சாமி அண்ணன் வண்டி. இரண்டுமே 6363.

நம் கம்பெனிப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா. அர்த்தநாரி அண்ணனுடைய அப்பா காலத்தில் ஜோசியர் கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும் என்று சொன்னதிலிருந்து, புது வண்டி எடுக்கும்போதெல்லாம் ஆர்டிஓ ஆபீஸில் தனியாகப் பணம் கட்டி அதே 6363ஐ வாங்குகிறார்கள். சேலம் பக்கத்து சீரிஸில் ஒன்று, நாமக்கல் சீரிஸில் ஒன்று என்று நாலு வண்டி ஓடுகிறது. யார்டில் யாரும் முழு நம்பர் சொல்லமாட்டார்கள். "வேல்முருகன் 6363", "மயில்சாமி 6363" என்பார்கள். மாரக்காள் அக்காவும் சீட்டில் டிரைவர் பெயரைச் சேர்த்து எழுதிவிடுவார். அவர் இல்லாத மாதம் வெறும் 6363 மட்டும் எழுதிய சீட்டுகள் வந்திருக்கின்றன. நான் கடைசி நாலு எண்ணை வைத்துத் தேடும்போது, லிஸ்டில் முதலில் இருந்த 6363 உங்களுடையது. அத்தனையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

மூன்றாவதாக வந்தது கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன கம்பெனி. பிரபா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தனியாக பஸ்ஸில் வந்தாள். திரையைக் காட்டுவதற்கு முன்னால் சீட்டுக் கட்டைக் கேட்டாள். யார்டுக்குப் போய் மாரக்காள் அக்கா பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று எப்படி எழுதுகிறார் என்று பார்த்தாள். திரும்பி வந்து மார்ச்சைப் போட்டாள். அவளுடைய சாப்ட்வேர் மொத்த விடை தரவில்லை. மூன்று சீட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்து, இது நாலு வண்டியில் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, ஆள் பார்த்துச் சொல்லவும் என்று கேட்டது. மூன்றும் தலா நூற்றைம்பது லிட்டர்.

பார்க்க வேண்டிய ஆள் நான்தான். சீட்டில் தேதியும் நேரமும் இருந்தது. ஜிபிஎஸ்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் சீட்டு அடித்த நேரத்தில் நீங்கள் சோலாப்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதுக்கு நாக்பூரில் லோடு இறக்குகிறீர்கள். மூன்றாவதுக்கு கர்நூல் டோல்கேட்டைத் தாண்டி நாலு நிமிஷம் ஆகியிருக்கிறது. மூன்று நேரத்திலும் நம் யார்டில் நின்றது மயில்சாமி அண்ணன் வண்டி. மூன்று சீட்டையும் திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். பிரபா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த மாதம் மயில்சாமி அண்ணன் வண்டி லிட்டருக்கு ஐந்து கொடுத்தது என்று அர்த்தநாரி அண்ணன் அவருக்குக் கைக்கடிகாரம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "என்ற வண்டி அத்தனை குடுக்காதுங்க" என்று அவர் அன்றைக்கே சொன்னார். அடக்கமாகப் பேசுகிறார் என்று கைதட்டினோம். பன்னிரண்டு சக்கர லோடு வண்டி லிட்டருக்கு ஐந்து என்று என் கையால் எழுதியிருக்கிறேன், எனக்கு ஒரு சந்தேகம் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் கடிகாரத்தைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது, நீங்களும் மனசில் வைக்க வேண்டாம்.

அர்த்தநாரி அண்ணனிடம் நானே போனேன். தப்பு ஷீட் போட்டது நான், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். அவர் மூன்று சீட்டையும் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வார்த்தை அவனக் கேட்டிருக்கோணும்" என்றார். அப்புறம், சரி, எந்த சாப்ட்வேர் என்று எழுதிக் கொடு, வாங்கிவிடலாம் என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. எழுதிக் கொடுக்கிறேன் அண்ணா, ஆனால் அவரை நிறுத்தி வைத்துச் சொன்ன அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் இதையும் நீங்கள் சொல்லவேண்டும், சொன்ன பிறகுதான் எழுதுவேன் என்றேன். சொல்லிவிட்டு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் மாற்றவேண்டி வருமோ என்றுகூட யோசித்தேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை பூஜையில் கற்பூரம் காட்டி முடித்ததும், யாரும் போகாதீங்க என்று நிறுத்தினார். இருபத்தேழு டிரைவர்கள் இருந்தார்கள், நான் எண்ணினேன். "வேல்முருகன் ஒரு சொட்டு எடுக்கலீங்க. நாங்கதான் தப்பாப் பாத்துட்டோம்" என்றார். நானும் முன்னால் போய், ஷீட் போட்டது நான் என்று சொன்னேன். குரல் உடையவில்லை. அதற்கும் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருக்கிறது. மார்ச்சைப் பார்த்து முடித்த அன்றைக்கே பிரபா நீங்கள் ஓட்டிய ஐந்து வருஷத்தையும் சேர்த்துத் திறந்து காட்டினாள். ஜிபிஎஸ், டோல்கேட், டீசல், டயர் என்று எங்கிருந்து பார்த்தாலும் ஒரே ஆள்தான் தெரிந்தார். ஓட்டவேண்டிய நேரத்துக்கு மேல் ஒரு நாள்கூட ஓட்டவில்லை. தேவையில்லாமல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உங்கள் டயர் மற்றவர்களுடையதைவிட எட்டாயிரம் கிலோமீட்டர் கூட ஓடியிருக்கிறது. "இவரு யாருங்க அக்கா, இப்பவும் இங்க இருக்காருங்களா" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். அதை எவ்வளவு தலை நிமிர்ந்து சொன்னேன் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நேற்று நான் பிரபாவுடையதைத்தான் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ரிக் முதலாளியிடமும் சொல்லுங்கள். எல்லாம் தெரியும் என்று சொல்கிற சாப்ட்வேர் வேண்டாம், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் என்னிடம் போன் பண்ணட்டும். ஆறு மாதம் கழித்தும் எடுப்பேன்.

சரிதா எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். உங்களைவிட உயரமாகிவிடுவேன் என்று கதவில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். அர்த்தநாரி அண்ணன் புது வண்டி தருகிறேன், வரச் சொல் என்கிறார். அது உங்கள் இஷ்டம். அந்த யார்டுக்கு இனி வரமாட்டேன் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. சாவியை வாங்கிய அன்றைக்கு நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, சோறு போட்டுக்கொண்டே, என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். நீங்கள் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தீர்கள். அந்த வாரமே ரிக்குக்குக் கிளம்பிவிட்டீர்கள். இரண்டு தீபாவளி போய்விட்டது. ஷீட் தப்புக்கு யார்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நான் யார்டில் கேட்கவில்லை, நம் வீட்டுச் சமையலறையில் கேட்டேன். அதற்கான மன்னிப்பை அங்கேதான் கேட்க முடியும். கடிதத்தில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

பத்து நாள் லீவு கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஐந்து நாள் போதும். சும்மா வந்து சாப்பிட உட்காருங்கள், மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
உஷாராணி