கரும்பு டிராக்டர் போகாத நேரம்

என் கண்ணு மல்லிகா,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன், அழக்கூடாது என்று தீர்மானமாக உட்கார்ந்தேன். உன் பேரை எழுதியதுமே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே.

உனக்கு அரிவாள் செல் நோய் என்று தெரிந்த புதிதில், மலையிலிருந்து இறங்கி கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, உன் ரத்தத்தை நீயே நுண்ணோக்கியில் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "இன்னாக்கா, ஒன்னும் அசையலயே?" என்றாய். சாயம் போட்டால்தான் தெளிவாகத் தெரியும், சாயம் போட்டால் செல் செத்துவிடும் என்றேன். "செத்ததைப் பாத்துக்கினு என்னைப் பத்தி இன்னா தெரிஞ்சிக்கப் போற? உசுரோட ஒருவாட்டி காட்டு" என்றாய். காட்டுவதற்குள் போய்விட்டாய். அப்படி என்னடி அவசரம் உனக்கு?

இப்போது சாயமே வேண்டாத நுண்ணோக்கி ஒன்றை நாங்களே பொருத்தியிருக்கிறோம். ஹாலோகிராபி என்று பேர். ஒரே வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் செல் வழியாகவும் இன்னொன்றைச் சும்மாவும் அனுப்புவோம். செல்லுக்குள் போனது கொஞ்சம் பின்தங்கி வரும். அந்தத் தாமதத்தை வைத்து, செல்லின் மேடுபள்ளத்தைக் கணினி வரைந்துவிடும். செல்லுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

முதல் நாள் திரையில் செல்லெல்லாம் நடுங்கியதைப் பார்த்து, உயிரின் துடிப்பு என்று நினைத்துத் துள்ளிக் குதித்து, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நடுங்கியது கட்டடம். கரும்பு வெட்டும் சமயம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் எங்கள் சுவரை ஆட்டிவிட்டுப் போகின்றன. ஒரு வாரம் எல்லோரும் என்னை ஓட்டித் தள்ளினார்கள். கடைசியில் பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி, பாதிக் காற்றடித்து, மேலே கடப்பாக் கல்லைப் போட்டு, அதன்மேல் கருவியை வைத்தோம். படம் அசையாமல் நின்றது.

உன் மகள் தேன்மொழிக்கும் அதே நோய் என்று உனக்குத் தெரியும். வலி வருவதைக் குறைக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை, நீ போனதிலிருந்து தொடமாட்டேன் என்றாள். "அம்மாவுந்தான் முழுங்குச்சு. இன்னா ஆச்சு?" நீ கடைசி காலத்தில்தான் ஆரம்பித்தாய் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உன் பிடிவாதம் அப்படியே.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா அவளை வெள்ளிமலை பஸ்ஸில் கூட்டி வந்தார். விரலில் ஒரு சொட்டு எடுத்து, கருவியில் வைத்துக் காட்டினேன். கட்டைவிரலால் அமுக்கிய அதிரசம் போலச் செல்கள். அவற்றின் ஓரங்கள் மெல்ல மெல்லத் துடித்தன.

"பெரிம்மா, டிராக்டர் போவுதா?"

ஜன்னலைத் திறந்து காட்டினேன். ரோடு காலி.

"அப்ப இது இன்னா ஆடுது?"

"நீதான்டி ஆடுற. உசுரோட இருக்குது இல்ல, அதான்."

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திரையின் ஓரத்தில் சில செல்கள் பிறை போல வளைந்து, விறைத்துக் கிடந்தன. அவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"அதுங்க ஏன் ஆடல?"

மறைக்கவில்லை. "அதுதான் நோவு. ஆனா பாரு, ஆடுறதுதான் ஜாஸ்தி. அது கம்மிதான். அந்த மாதிரி புதுசா வர்றதைக் குறைக்கத்தான் மாத்திரை."

அப்புறம் தன் அப்பாவிடம் கையை நீட்டி, "தண்ணி குடுப்பா" என்றாள். அவர் பாட்டிலைத் திறந்த வேகத்தில் பாதித் தண்ணீர் மேஜையில் கொட்டியது. அதற்கும் டிராக்டர் காரணமில்லை.

இந்தக் கருவி நோயைத் தீர்க்காது மல்லிகா, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் மாத்திரையை விடவில்லை. உன் செல்களும் இப்படித்தான் துடித்திருக்குமா?

அவற்றை நான் உயிரோடு பார்க்கவில்லை. இவளுடையதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, "போதும் பெரிம்மா, வுடு" என்று கையை இழுத்துக்கொண்டாலும் விடமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உனக்கு அக்காவாகவும்,
உன் மகளுக்கு இனிமேல் பாதி அம்மாவாகவும்,
ராணி