திராட்சைக் கொடிக்குக் கட்டுப் போட்ட அக்காவுக்கு

கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் நேற்று மடவளையிலிருந்து வந்த ஒரு வியாபாரி, ருசி பாருங்க என்று ஒரு திராட்சையைக் கையில் திணித்தார். கல்கண்டாக இனித்தது. எனக்குப் பிடிக்கவேயில்லை. திராட்சை என்றால் வாயில் போட்டதும் ஒரு கண் தானாக மூட வேண்டாமா? என் நாக்கை இப்படிக் கெடுத்துவிட்டுப் போனவர் நீங்கள்தான், அக்கா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து நீங்கள் கொண்டுவந்த திராட்சைத் தடி அது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பந்தல் போட்டீர்கள். கண்டி மழைக்கு அது வளர்ந்ததே, அடேயப்பா! என் ஜன்னலுக்குள் தலையை நீட்டியது, உங்கள் கூரை ஓட்டைத் தூக்கியது. காய் மட்டும் மருந்துக்கும் இல்லை. நீங்களோ யாழ்ப்பாணத்துச் சம்பந்தியிடம் கண்டியில் குலைகுலையாகத் தொங்குகிறது என்று அளந்துவிட்டீர்கள். ஆடியில் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொன்னதும் உங்கள் தூக்கம் போயிற்று.

நான் கலஹா தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். போதாதா? "வெட்டினாத்தான் காய்க்கும், அக்கா. கத்திய குடுங்க" என்றேன். ஒவ்வொரு கொப்புக்கும் பேரம் பேசினீர்கள். ஒன்று மகன் கல்யாணம் கட்டிய வருடம் வந்ததாம். இன்னொன்றுக்கு உங்களைப் போலவே மூட்டுவலியாம். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சரி, வெட்டும்" என்றீர்கள். தேயிலை வெட்டுகிற வம்சம், கை நிற்குமா? நீங்கள் கண்ணைத் திறந்தபோது பந்தலில் நாலைந்து குச்சிதான் மிச்சம்.

அதோடு வெட்டிய இடமெல்லாம் நீர் சொட்டத் தொடங்கியது. தேயிலை அப்படிச் சொட்டி நான் பார்த்ததில்லை. கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நீங்கள் பழைய சேலையைக் கிழித்து வெட்டுக்கு வெட்டு கட்டுப் போட்டீர்கள். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்றோடு என்னுடன் பேச்சை நிறுத்தினீர்கள். எனக்குக் கேட்கட்டும் என்று கொடியிடம் மட்டும் உரக்கப் பேசினீர்கள்.

"உன்னை இந்தக் கொலைகாரியிட்டைக் குடுத்திட்டனே, பிள்ளை."

சிரிப்பு வந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை. போயும் போயும் ஒரு கொடிக்காக உங்களை இழந்துவிட்டேனே என்றிருந்தது.

பிறகு ஒரு காலையில் வந்தீர்கள். வணக்கமும் இல்லை, வழக்கும் இல்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று பந்தலடிக்கு இழுத்துப் போனீர்கள். உங்கள் கட்டுத் துணிகளுக்குப் பக்கத்திலேயே துளிர்கள் கிளம்பியிருந்தன. துளிரோடு கடுகு கடுகாகப் பூங்கொத்து. இருவரும் அங்கேயே நின்று மூக்கைச் சிந்தினோம்.

ஆடியில் சம்பந்திகள் வந்தார்கள். குலைகள் தொங்கத்தான் செய்தன. சம்பந்தியம்மா ஒன்றை வாயில் போட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரிப்பை மறைக்கக் குசினி அடுப்படிக்கு ஓடிவிட்டேன். நீங்கள் அசையவில்லை. கண்டித் திராட்சை இப்படித்தான், இனிப்பு வேண்டுமென்றால் வீட்டில் சீனி இருக்கிறது என்றீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்தினீர்கள்.

"இவ வெட்டினவ, நான் அழுதனான். ரெண்டு பேருமாய்ச் சேந்துதான் காய்க்க வைச்சனாங்கள்."

அதற்குப் பிறகு வருடா வருடம் அதே கூத்துதான். நான் வெட்டுவேன், நீங்கள் திட்டிக்கொண்டே கட்டுப் போடுவீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த இந்த முதல் தை மாதம் உங்கள் மகன் கனடாவிலிருந்து பேசினான். மாமி, நீங்களே வெட்டிவிடுங்கோ என்றான். பந்தலடியில் வெகுநேரம் நின்றேன். இந்தக் கொப்பை விடும், அந்தக் கொப்பைத் தொடாதையும் என்று மறிக்க ஆளில்லை. வெட்டினேன். சொட்டத் தொடங்கியது. இந்த முறை உங்கள் வேலையையும் நானே செய்தேன், அக்கா.