கேட்டார்கள், கேட்கவில்லை

1908 நவம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சிராங்கூன் ரோடு முழுக்கச் சேறு, மாட்டுக் கொட்டகை நாற்றம் வேறு. வாங்க வேண்டியது: விளக்குக்கு எண்ணெய், உப்பு. குடை ரிப்பேர். மூன்றும் மறதி.

சாயங்காலம் வழக்கம்போல் மரைக்காயரின் கைலிக் கடை. கோப்பி வந்தது, கூடவே வம்பும். என் வேதாகமத்தை வாங்கி அவரே புரட்டிக் காட்டினார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் சவுலுக்கு வானத்திலிருந்து குரல். கூடப் போனவர்களுக்கும் அது கேட்டது என்று நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம். கேட்கவில்லை என்று இருபத்திரண்டு.

"கேட்டாங்களா, கேக்கலையா? ஒண்ணைச் சொல்லுங்க உபதேசியாரே."

"படிச்சுட்டு வந்து சொல்றேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. சந்தோஷமாகவும் இருந்தது. இன்று நான் வாய்விட்டுப் பேசின ஒரே மனிதர் அவர்தான்.

நவ. 5, வியாழன்

மழை விட்டது. பாதிரி துரையிடம் கேட்டேன். மூலம் கிரேக்கு பாஷையாம், இரண்டு இடத்திலும் வேற்றுமை உருபு வேறாம். உட்காரச் சொல்லவில்லை.

ம. கடையில் அப்படியே ஒப்பித்தேன்.

"கிரேக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அப்ப இந்தப் பதில் யாருக்கு?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரவு சோறு மிஞ்சியது. மனைவி எஸ்தர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று என் கைக்கு இன்னும் பிடிபடவில்லை.

நவ. 8, ஞாயிறு

ஆராதனைக்கு ஆறு பேர். அதில் இருவர் தூக்கம். செவிடன் காதில் ஊதின சங்கு.

ம.விடம் புது விளக்கத்தோடு போனேன். நடந்ததை எழுதினவர் ஒருவர், பின்னால் எடுத்துச் சொன்னவர் இன்னொருவர் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வேணாம். ஹஜ்ஜுக்குக் கிளம்புறேன். அந்தப் பயணத்துல தர்க்கம் கூடாது. இப்பவே நாக்கைப் பழக்கிக்கிறேன்."

வரும் ஞாயிறு கப்பல். அப்புறம் இங்கே வருவதில்லை, நாகூரில் மகன் வீட்டோடு இருந்துவிடப் போகிறாராம். கடை மைத்துனருக்கு. மைத்துனருக்கு வியாபாரம் தவிர வேறு பேச்சு கிடையாது.

கோப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். மரியாதை இல்லைதான். ஆனால் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.

நவ. 11, புதன்

கடைப்பக்கம் போகவில்லை. டிராம் ஏறிக் கடற்கரை, அங்கிருந்து திரும்ப டிராம். பக்கத்து அறைச் சீனருக்கு இருமல். அவர் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு.

நவ. 14, சனி

ம. என் அறைக்கே வந்தார். முதல் தடவை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பழகினவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்களாம். பாயை விரித்தேன்.

"இத்தனை வருசமா உங்க வேதத்தைக் கிண்டிக்கிட்டே இருந்தேன். மனசு நொந்திருந்தாப் பொறுத்துக்குங்க."

"பொறுக்க மாட்டேன். உக்காருங்க, பதிலைக் கேட்டுட்டுப் போங்க."

"பதில் இருக்கா?"

"இல்லை."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறுத்தேன்னு ஒரு வார்த்தை" என்றார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதோடு எல்லாம் முடிந்துபோயிற்று.

நவ. 15, ஞாயிறு

வெயில். ஆராதனையைச் சுருக்கிக்கொண்டு தஞ்சோங் பகார் துறைமுகம். ஜனநெரிசல், துஆ ஓதும் சத்தம், அழுகை. ம. கப்பலின் மேல்தட்டில், வெள்ளைத் தொப்பியோடு. என்னைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் வாயருகே குவித்து ஏதோ கத்தினார். அதே கரகரத்த குரல். "என்ன?" என்று நானும் கத்தினேன். மறுபடி சொன்னார். அதற்குள் கப்பல் ஊதி, நகர்ந்துவிட்டது.

மைத்துனர் பக்கத்தில் வந்தார்.

"மச்சான் கத்தினாங்களே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"கேக்கலை."

மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டிராமில் பாதி வழியில்தான் உறைத்தது. கேட்டது, கேட்கவில்லை. இரண்டும் நானே சொன்னது, இரண்டும் உண்மை. கிரேக்கும் வேண்டாம், துரையும் வேண்டாம்.

இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். கைலிக் கடை பூட்டியிருந்தது.