படுத்துக் கிடக்க மாட்டேன்

செவ்வாய், இரவு

இன்று காலை பைலேட்ஸ் வகுப்புக்குப் புதுப் பயிற்சியாளர் வந்திருந்தாள். மல்லாந்து படுத்தபடி கைகளை நீட்டி, அப்படியே எழுந்து உட்காரச் சொன்னாள். நான் மட்டும் எழவில்லை.

"எல்லாரும் செய்யறாங்கல்லங்க, ட்ரை பண்ணுங்கக்கா" என்றாள்.

"எனக்கு இது ஆகாது கண்ணு. முதுகெலும்புல டிஸ்க் பிதுங்கியிருக்குது, டாக்டர் குனியக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. வேற சொல்லு, செய்யறேன்."

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கும் பயிற்சியைச் சொல்லித் தந்தாள். வலிக்கவில்லை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் தப்பு.

"நாந்தான் அன்னைக்கே சொன்னன்ல அம்மணி. இந்த வயசுல உனக்கெதுக்கு அந்தக் கூத்து? பேசாம படுத்துக்க."

போன வருஷம் முழுக்கப் படுத்துத்தானே கிடந்தேன்? அப்போது செருப்பு மாட்டிவிடக்கூட இவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஈரோடு வரை பஸ்ஸில் உட்கார்ந்து போய்வர முடிகிறது.

"நாளன்னைக்கும் போவேனுங்க" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

முதுகு திரும்பவும் பிடித்துக்கொண்டால்... அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை காலைக்கு அலாரம் வைத்துவிட்டேன்.