ட்ரெபிள் குமிழின் பொட்டுகள்

ஜூன் 12, வியாழன்

மகள் சுகுணா ஓசூரிலிருந்து வந்தாள். கையில் இரண்டு அட்டைப்பெட்டி. எனக்கு இன்று ஐம்பத்தாறு முடிகிறதாம். பெட்டிக்குள் மரச்சட்டம் போட்ட குட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி.

"பென்னாகரம் பூராவுக்கும் பாட்டு போட்டீங்கப்பா, நம்ம வூட்டுல ஒரு நல்ல செட்டு கெடையாது" என்றாள்.

உண்மைதான். இருபத்தாறு வருஷமாகக் குப்புராஜ் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன் வீட்டில் பாட்டுக் கேட்பது மனைவி சசிகலாவின் செல்போனில். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆம்ப்ளிபயரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாத ஆம்ப்ளிபயரா?

ஜூன் 14

ஸ்பீக்கரின் முதுகில் ஆறு ஓம்ஸ், ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் சத்தம் என்று போட்டிருக்கிறது. என் திருவிழா ஹார்ன் இதே ஒரு வாட்டுக்கு ஊரைக் கூட்டும். இவை சோம்பேறிகள். நிறையத் தீனி போட்டால்தான் வாய் திறக்கும்.

சரி, தீனி போடுவோம் என்று திருவிழா ஆம்ப்ளிபயரையே வீட்டுக்குள் தூக்கி வந்தேன். அதன் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் கூடத்தில் ரைஸ் மில் ஓடுவது போல ஆகிவிட்டது. சசிகலா எட்டிப் பார்த்து, "ஃபேன் நல்லா பாடுது. பாட்டு எப்பங்க?" என்று கேட்டாள்.

தூக்கி வண்டியில் வைத்துவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 19

தர்மபுரியில் பிரபாகர் கடை. சின்ன வயசுதான், ஆனால் வீட்டு செட்டு விஷயத்தில் கெட்டி. "மொதல்ல ஓம்ஸ் பாருங்கண்ணா, அப்பறம் வாட்ஸ். எட்டுக்கு மட்டும் செஞ்ச செட்டுல ஆறைப் போட்டா சூடாயிடும். உங்க கூடத்துக்கு அம்பது வாட்ஸ் தாராளம்" என்றான். எனக்கே பாடம்! இருந்தாலும் சொன்னது சரி. ஆறு ஓம்ஸைத் தாங்குகிற ஒரு ஆம்ப்ளிபயர் செட்டைக் கொடுத்து, "போட்டுப் பாருங்க, புடிக்கலன்னா மாத்திக்கலாம்" என்றான்.

எந்த செட்டையும் சோதிக்க எனக்கு ஒரே பாட்டுதான். மேடையேறினால் முதலில் போடுவதும் அதுதான். போட்டேன். மந்தம்! போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி. மேல் சத்தத்தை ஏற்றுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருகிய பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

சசிகலா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஐயோ, கொறைங்க! பல்லு கூசுது!"

அவளுக்கு என்ன தெரியும்.

ஜூன் 20

திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 26

இரண்டாவது செட்டு, பழைய ஜப்பான் சரக்கு. பார்க்க ஜம்மென்று இருந்தது. இதுவும் மந்தம்தான். பிரபாகருக்குப் போன் போட்டுத் திட்டினேன். "ரெண்டும் வேற வேற தினுசுண்ணா. ரெண்டுமே மந்தமா இருக்காதுங்களே" என்று இழுத்தான்.

அப்படியானால் ஸ்பீக்கர்தான் கோளாறு. சொன்னேனோ இல்லையோ, சசிகலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "புள்ள ஆசையா வாங்கியாந்தத குத்தம் சொல்லாதீங்க. சொல்லிட்டேன்."

ஜூலை 2

ஆடிப்பெருக்கு கமிட்டி அறிவழகன் வந்தார். டீ குடித்தார். இரண்டாவது டீயும் குடித்தார். "தப்பா நெனைக்காதீங்க குப்பண்ணா. போன வருசம் சத்தம் காதைக் கிழிச்சிருச்சுன்னு பொம்பளைங்க எல்லாம் சொல்றாங்க. மாரண்டஹள்ளி சவுண்ட் பார்ட்டி ஒண்ணு கேட்டிருக்குது. கமிட்டியில பேசிட்டு இருவதாம் தேதிக்குள்ள சொல்றோம்."

காதைக் கிழித்ததா? நானா? சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று இந்த வட்டாரமே சொல்லும். எல்லாம் பொறாமை! இருபத்தாறு வருஷ மேடை — எவனோ ஒருவனுக்கா?

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பிரபாகர் மூன்றாவது செட்டைத் தானே கொண்டு வந்தான். செல்போனில் ஒரு சமாச்சாரம் வைத்திருந்தான். கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதிக்கு ஏறிக்கொண்டே போகும் ஒற்றைச் சத்தம், கூடவே அதன் ஹெர்ட்ஸ் எண். "கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வையுங்க. ஸ்பீக்கர்ல கோளாறா, செட்டுல கோளாறான்னு தெரிஞ்சிரும்."

மூன்று பேரும் கையைத் தூக்கினோம். சசிகலா கரண்டியோடு. ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். நாலாயிரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பார்த்தாயா, ஸ்பீக்கர்தான் என்று கையை இறக்கினேன்.

அவர்கள் இருவரும் இறக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேந்து வெளையாடறீங்களா?" என்றேன். பிரபாகர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, எட்டாயிரம். சசிகலாவின் கரண்டி மேலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் மெல்ல இறக்கினாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று அவள் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஜூலை 7

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 9

மேடையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரைத் துடைக்க எடுத்தேன். துடைக்கவில்லை.

ஒவ்வொரு ஆடிக்கும் சத்தம் சரியாக அமைந்ததும், குமிழ் நிற்கிற இடத்தில் சசிகலாவின் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். அடுத்த வருஷம் அங்கிருந்து ஆரம்பிக்கலாம் அல்லவா. இந்த மிக்சர் வாங்கிப் பதினோரு வருஷம். கீழ் சத்தத்துக்கான பேஸ் குமிழைச் சுற்றிப் பொட்டெல்லாம் ஒரே இடத்தில் மொய்த்திருக்கிறது. ட்ரெபிள் குமிழில் முதல் சிவப்புப் பொட்டு நேர் மேலே, பன்னிரண்டு மணியில். அடுத்தது கொஞ்சம் வலது. அடுத்தது இன்னும் கொஞ்சம். ரோஸ், மெரூன், ஊதா... போன வருஷத்துப் பொட்டு நாலு மணியில்.

என் கையாலேயே வருஷா வருஷம் எழுதி வைத்திருக்கிறேன். படிக்கத்தான் தெரியவில்லை.

காது போனால் சவுண்ட்காரன் யார்? பயமா இருக்குது. வேற எப்பிடிச் சொல்றது? பயம்தான்.

ஜூலை 10

சசிகலாவிடம் மிக்சரைக் காட்டினேன். பொட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் அப்பவே நெனைச்சேன், நெயில் பாலிஷ் ஏன் சீக்கிரமா தீருதுன்னு" என்றாள். நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஜூலை 14

தர்மபுரியில் காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்கார வைத்து அதே 'கேட்டால் கையைத் தூக்கு' விளையாட்டு. தாளில் கோடு நேராகப் போய், சட்டென்று ஒகேனக்கல்லில் விழுகிற மாதிரி விழுந்தது. வருஷக்கணக்காக ஹார்ன் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசாம். ரெண்டு காதுக்கும் மெஷின் போடணும் என்றார் அந்த அம்மா.

"மெஷினா? எனக்கா?"

"ஆம்ப்ளிபயருக்காக ஒரு மாசமா அலைஞ்சீங்களே. இதுவும் அதான. போட்டுக்கங்க" என்றாள் சசிகலா. டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் ஏற்றித் தருகிறேன், ஆளுக்குத் தகுந்த மாதிரி, என்றார். இதைத்தானே பிரபாகர் முதல் நாளே ஸ்பீக்கருக்குச் சொன்னான்!

ஜூலை 18

அறிவழகனைத் தேடிப் போனேன். மறைக்க நினைத்து, வாசலில் ஒரு நிமிஷம் நின்று, பிறகு சொல்லிவிட்டேன். "பொம்பளைங்க சொன்னது நெசந்தாங்க. எனக்கு மேல் சத்தம் கேக்கல. இந்த வருசம் ட்ரெபிளை மொதல் பொட்டுல வெச்சு, சசிகலாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன். அவ சரின்னா சரி."

அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். பிறகு, "அப்ப கமிட்டிக்கு அண்ணிதான் பொறுப்புன்னு சொல்லிரட்டுங்களா?" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன். சுதி சேர்ந்ததா தெரியாது.

ஜூலை 24

மெஷின் வந்துவிட்டது. கடுகு பொரிவது இவ்வளவு சத்தமா? சசிகலா அடுப்படியில் என்னவோ முணுமுணுத்தாள். "கேக்குது" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். இனி அவள் பாடு கஷ்டம்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மிக்சர் பக்கத்தில் சசிகலாவுக்கு ஒரு நாற்காலி. கூட்டத்தைப் பார்க்காமல் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ட்ரெபிளைத் தொடப் போன போதெல்லாம் கையில் ஒரு தட்டு. குறை சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

ஆகஸ்ட் 7

பிரபாகர் கடையிலிருந்து முதலில் திருப்பிக் கொடுத்தேனே, அதே செட்டையே வாங்கி வந்தேன். "இதான் உங்க ஸ்பீக்கருக்குன்னு அப்பவே தெரியுங்கண்ணா" என்றான். காசை எண்ணிக் கொடுத்தேன்.

குமிழெல்லாம் நடுவில். என் பாட்டைப் போட்டேன். பல்லவி முடிந்து வயலின் வருகிற இடத்தில், பின்னால் யாரோ சலங்கை கட்டி ஆடுகிறார்கள். நின்றுவிட்டேன்.

"சசி, இந்தச் சலங்கை எப்பலர்ந்து இருக்குது?"

அவள் நெயில் பாலிஷ் புட்டியோடு வந்து, ட்ரெபிள் குமிழுக்கு நேர் மேலே ஒரு பொட்டு வைத்தாள். அது காயும் வரை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"எப்பவுமே இருக்குதுங்க. நீங்கதான ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினீங்க."

மறுபடி முதலிலிருந்து போட்டேன்.