என்னைப் பிடித்திருப்பது பேயல்ல

அனுப்புநர்:
வி. செல்வநாயகி (வயது 31),
அடுக்குமாடி வீடமைப்பு,
பாயான் பாரு, பினாங்கு.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
தொழிலாளர் இலாகா,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: நிமோனியாவில் பிழைத்த எனக்கு வந்த மூச்சுத் தடையை 'ஆவி பாதிப்பு' என்று எழுதி வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்தும், முறையான மருத்துவப் பரிசோதனை கோரியும்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். மலாய் மொழியில் எழுதினால் பணிவாக எழுதிவிடுவேன். நடந்ததை முழுதாகச் சொல்ல வராது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவர்கள் உண்டென்று விசாரித்து அறிந்தேன்.

1. நான் இங்குள்ள எலெக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகளாக உற்பத்தி லைனில் வேலை செய்து வந்தவள். 1981இல் கடுமையான நிமோனியா கண்டு ஐசியூவில் கிடந்தேன். தொண்டையில் குழாய் இறக்கி, இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் என்னைப் பிழைக்க வைத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

2. வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் மறுபிறவி என்றார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். மறுபிறவி எடுத்தவளுக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது, முடி கொட்டியது, தெரிந்தவர்கள் பெயர்கூட மறந்தது. அவை மெல்ல மெல்லத் தேறின. தேறாத ஒன்று உண்டு. ஐசியூவில் இருந்த காலமெல்லாம், கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகில் என்னைக் கட்டிப் போட்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். அக்கரை தெரியும், பெர்ரி போய்ச் சேராது. அது காய்ச்சல் மயக்கம் என்றார் டாக்டர், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனாலும் அக்கரையில் சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் அக்கா யோகம்மா வீட்டுக்கு அதன்பின் நான் போனதில்லை. கடல்மேல் கட்டும் பாலம் முடியட்டும், வருகிறேன் என்று சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

3. இவ்வாண்டு ஏப்ரலில் என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு காற்றுப் பம்ப் 'உஸ்' என்று இழுக்கும், சற்று நிற்கும், பிறகு விடும். ஐசியூவில் கேட்ட அதே சத்தம். என்னை அறியாமலே அதோடு சேர்ந்து மூச்சு விடத் தொடங்கினேன். மே மாதம் ஒரு பிற்பகல், பழுது பார்க்க அதை நிறுத்தினார்கள். என் மூச்சும் நின்றது. நானாக இழுக்க வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை ஐயா. அது இழுக்கட்டும் என்று காத்திருந்தேன். விழுந்துவிட்டேன். யாரோ முதுகில் அறைந்ததும் கத்தினேனாம். அதைப் பார்த்து வேறு சில பெண்களும் கத்த, லைன் நின்றுபோனது.

4. லைன் நின்றால் நிர்வாகத்துக்கு ஒரு காரணம் வேண்டும். போமோ என்னும் மலாய் மந்திரவாதி ஒருவரை அழைத்து மந்திரிக்க வைத்தார்கள். அந்தப் பெரியவர் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் நான் ஒருமுறை செத்துத் திரும்பியவள் என்றும், திரும்பும்போது தனியாக வரவில்லை என்றும் அவர் சொன்னதாக லைன் முழுக்கப் பரவியது. கான்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. பக்கத்தில் உட்காரும் ரோஹானா நல்ல பெண். அவளும், "அக்கா, கோவிச்சுக்காதீங்கலா, எனக்கு ஒன்னும் இல்ல, எங்கம்மாதான் பயப்படுறாங்க" என்று சொல்லி இடம் மாறிக்கொண்டாள்.

கம்பெனி கிளினிக்கில் நெஞ்சைப் படம் எடுத்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, நோய் எதுவும் இல்லை என்றார்கள். நோய் இல்லையென்றால் பேய்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பேய் என்று பேச்சு வந்தபிறகும் அந்த வாரம் முழுக்க என்னை ஓவர்டைம் செய்ய வைத்தவர்களும் இவர்களே. ஜூனில், பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'ஆவி பாதிப்பு' என்று எழுதி வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

5. எனக்கு ஒரு சாட்சி இருந்தார். பெயர் கமாலுதீன், ஜார்ஜ்டவுனில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். என்னைப் போலவே நிமோனியா கண்டு, அதே ஐசியூவில் பிழைத்தவர். வீடு திரும்பியபின் பம்ப் அடுப்பின் சீறலைத் தாங்க முடியாமல் கரி அடுப்புக்கு மாறினார். முதலாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கடையில் சிரித்தார்களாம். ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போன இடத்தில், அந்தச் சீறல் ஐசியூ இயந்திரத்தின் மூச்சுப் போலவே கேட்கிறது என்று என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். சென்ற ஆண்டு கடை மாடிப்படி ஏறும்போது மூச்சடைத்து இறந்துவிட்டார். பிழைத்துவிட்டோம் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்தவர்களுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று கேட்க யாருமில்லை.

ஆகவே, பம்ப் இல்லாத பகுதியில் எனக்கு மீண்டும் வேலை தரவும், என் பெயருக்கு எதிரே எழுதிய 'ஆவி' என்ற சொல்லை நீக்கவும் நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கோருகிறேன். அதற்கு முன் நெஞ்சு நோய் டாக்டர் ஒருவர் என்னைப் பரிசோதிக்க வேண்டும். கிளினிக்கில் அல்ல, அந்தப் பம்ப் பக்கத்திலேயே. அதை ஓடவிட்டு நிறுத்தட்டும். என் மூச்சு நிற்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். எனக்குப் பயம்தான், ஆனாலும் வருவேன்.

தாமதிக்க வேண்டாம் என்று கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் தாயார் ஞானாம்பிகை, முன்பெல்லாம் நான் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். இப்போது பார்ப்பதில்லை, தம் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார். பெற்றவளுக்கே அப்படித் தோன்றினால், அந்தப் போமோ சொன்னது உண்மையாக இருக்குமோ என்று சில நாட்களாக நானும் நினைக்கத் தொடங்கியிருக்கிறேன். நான் அதை முழுதாக நம்பிவிட்டால், இந்த மனுவுக்காக வாதாட யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கு முன் என்னை அழைத்துவிடுங்கள் ஐயா.

இடம்: பாயான் பாரு
நாள்: 20 ஆகஸ்ட் 1984

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
வி. செல்வநாயகி