மூன்று மணிக்குச் சொன்ன பதில்

ஜூன் 8, ஞாயிறு

வெயில் கொளுத்தல். காலையில் தெருவில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டினார்கள். அதன் அடியில் குனிந்து ஓடியதற்கு அப்பாவிடம் பூசை.

வேலைகள்: கெமிஸ்ட்ரி ரெக்கார்டு. முடிவெட்டு. ஒளித்து வைத்த இம்ரானின் கிரிக்கெட் பேட்டைத் திருப்பித் தருவது (கெஞ்சினால் மட்டும்).

ம. 3. இம்ரான் அம்மா போன். “கதிரு, இம்ரான் அங்க இருக்கானாப்பா? போன் ஆஃப்ல இருக்குது.”

“இங்கதான்மா. பாத்ரூம்ல கச்சேரி நடக்குது.”

அவன் வரவேயில்லை. ஆனால் எங்கள் செட்டில் அதுதான் சட்டம். எவன் வீட்டிலிருந்து போன் வந்தாலும் ‘இங்கதான் இருக்கான்’. என் பட்டப்பெயரே கஸ்டமர் கேர். எதற்கும் பதில் உண்டு, உண்மை மட்டும் லைனில் காத்திருக்கும்.

ம. 5.30. மறுபடி இம்ரான் அம்மா. “டீ குடிச்சிக்கினு இருக்கான்மா. ஆறு மணிக்கு அனுப்பிடறேன்.” அதற்குள் நானே அவனுக்கு ஏழு தடவை போன் அடித்திருந்தேன். சுவிட்ச் ஆஃப்.

ஜூன் 9, திங்கள்

நேற்று ஏழு மணிக்குக் கிடைத்தான். திருமுக்கூடல் ரோட்டில், சின்னப் பாலத்துக்குக் கீழே, கால்மேல் அவன் பைக். ஆடு ஓட்டிப்போனவர் பார்த்திருக்கிறார். அப்போது அவனுக்கு நினைவில்லை. ஏன் அங்கே போனான்?

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கேட்டார்: “எத்தனை மணிக்கு விழுந்தான்? காலுக்கு ரத்தம் போகாம எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியணும்.”

இம்ரான் அம்மா என்னைக் காட்டினார்கள். “ஆறு மணி வரிக்கும் இந்தப் புள்ள வூட்லதான் இருந்தான், டாக்டர்.”

“அப்ப ஒரு மணி நேரம்தான். காலைக் காப்பாத்தப் பாக்கலாம்.”

தலையாட்டினால் போதும். 

“தெரியாது டாக்டர்.”

“என்ன தெரியாது?”

“அவன் எங்க வூட்டுக்கே வரல. சும்மா சொன்னேன்.”

இம்ரான் அம்மா கத்தவில்லை. “மூணு மணிக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தா தேடிக்கினு போயிருப்பேனேப்பா.”

அப்போதும் ‘ப்பா’. அறைந்திருக்கலாம்.

ஜூன் 10

எடுத்துவிட்டார்கள். வலது கால், முட்டிக்குக் கீழே.

ரெக்கார்டு எழுதவில்லை. தறியில் அப்பாவின் கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. பார்க்க முடியாமல் மாடிக்குப் போனேன்.

செட்டில் விக்கி: “விடு மச்சான், நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்.” ஆறுதலாம்.

ஜூன் 13, வெள்ளி

தூறல். இம்ரானைப் பார்க்க விட்டார்கள். பேட்டை எடுத்துப் போகவில்லை. எப்படி?

“ரெண்டரைக்கு விழுந்தேன்டா. யாராச்சும் வருவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

எல்லாம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். பிறகு: “கட்டக்கால் வெச்சா பழையபடி ஓடலாமாடா? சொல்லு. நீதான் எதுக்கும் பதில் வெச்சிருப்பியே.”

“தெரியலடா.”

கண்ணை மூடிக்கொண்டான். “அம்மா கிட்ட பேசினியா?”

“இல்ல. வெளிய உக்காந்திருக்காங்க.”

“போய்ப் பேசு.”

போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள்.